கிளினிக்கில் மட்டும் ஏறுகிற பிரஷர்

வவுணதீவுக்கு பஸ் ஓட்டுகிற மத்தேயுவுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். போன மாரியில் வயல்வட்டைக்குள்ளிருந்து ஏறிவந்த யானையொன்று நடுத்தெருவில் நின்றபோது, பயணிகளெல்லாம் பின்சீட்டில் குவிந்துவிட்டார்கள். இவரோ எஞ்சினை நிறுத்திவிட்டு ஆறுதலாக வெற்றிலை மடித்தார். கடைசியில் யானைக்குத்தான் அலுத்துப்போனது.

அப்பேர்ப்பட்டவர் ஐம்பத்தாறு வயதில், லைசன்ஸ் புதுப்பிக்க மெடிக்கல் எடுக்கப் போன இடத்தில் மாட்டிக்கொண்டார். கண் சரி, காது சரி. தாதி இர்ஷானா பிரஷர் பார்க்கும் பட்டியைச் ‘சர்ர்’ என்று பிரித்துக் கையில் சுற்றியதுதான் தாமதம், மனுஷனுக்கு வியர்த்துக் கொட்டியது. மெஷின் நூற்றெழுபத்தெட்டு காட்டியது. டாக்டர் கையெழுத்துப் போடவில்லை.

“வீட்டிலயும் ஒரு கிழமைக்கு அளந்து எழுதிக்கொண்டு வாங்க. இஞ்சயும் நூற்றிநாப்பதுக்குக் கீழ வரட்டும், பாப்பம்.”

தன்னாமுனையில் வீட்டுக்கு வந்து, மகள் மேர்லின் வாங்கி வைத்திருந்த மெஷினில் அளந்தார்கள். நூற்றிருபத்தாறு. மறுநாளும் அதேதான். மனைவி மேர்சி விழுந்து விழுந்து சிரித்தாள்.

“ஆனைக்குப் பயமில்ல, ஒரு துண்டுச் சீலைக்குப் பயம். நல்ல ஆம்பிளதான்!”

ஒரு கிழமை கழித்துப் போனபோது கிளினிக் மெஷின் நூற்றெழுபத்து நாலு காட்டியது. இர்ஷானா வீட்டுக் கணக்கையும் இதையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏறாவூர்க்காரி, முப்பது வயதிருக்கும். எதையும் சிரித்த முகத்தோடுதான் சொல்வாள்.

“ஐயா, வீட்டில நல்லாத்தான் இரிக்கி. இஞ்ச வந்தாத்தான் ஏறுது. எந்த நேரத்தில பயம் தொடங்குது?”

மத்தேயு வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார். “அந்தப் பட்டியைப் பிரிக்கிற சத்தம் கேட்டா, மிஸ்ஸி.”

“மூளைக்குள்ள பாதாங்கொட்டை அளவில ஒரு சாமான் இரிக்கி ஐயா. ஆபத்தெண்டா முதல்ல கத்துறது அதுதான். ஆனையா, பட்டியா எண்டு பாத்திட்டிருக்காது. அது கத்தினா நெஞ்சு அடிக்கும், ரத்தம் ஏறும். யோசிக்கிற மூளை கொஞ்சம் பிந்தித்தான் வந்து சேரும்.”

“அதுக்கு மருந்து தாங்களன்.”

“இதுக்கு ஒரு பயிற்சி இரிக்கி. ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் சும்மா இரிங்க. மூச்சு போறதையும் வாறதையும் பாருங்க. வெளிய விடுற மூச்சை நீட்டி விடுங்க. மனம் வேற எங்கயும் ஓடினா ஏசாமத் திருப்பிக் கூட்டி வாங்க. அவ்வளவுதான்.”

சும்மா இருப்பது இவ்வளவு கரைச்சல் என்று மத்தேயுவுக்கு அதுவரை தெரியாது. மறுநாள் காலையில் பஸ் நிலையத்தில், ஸ்டியரிங்கில் கையை வைத்துக் கண்ணை மூடினார். இரண்டு மூச்சு போவதற்குள் பழுதான டயர் நினைவுக்கு வந்தது. மூன்றாவது மூச்சில் மத்தியானக் கறி. நாலாவது மூச்சில் பின்னாலிருந்து குரல் கேட்டது.

“கொண்டக்டர் தம்பி, டிரைவர் நித்திரை. நான் இறங்கப்போறன்.” கூடையோடு எழும்பி நின்றவர், தினமும் வருகிற ஆச்சிப்பிள்ளை.

நடத்துநர் நல்லரத்தினம் ஓடிவந்தார். “நித்திரையில்லக்கா, தியானம்.”

“அப்ப இன்னும் மோசம்,” என்று சொல்லிவிட்டு ஆச்சிப்பிள்ளை இறங்கிவிட்டார்.

அன்றிலிருந்து மத்தேயு கண்ணைத் திறந்துகொண்டே மூச்சைப் பார்த்தார். வீட்டிலும் பழகினார். ஒருநாள் மேர்சி மீன்பொரியலைக் கருக்கிவிட்டாள். வழக்கமாக வீடே அதிரும். இவர் ஒரு மூச்சை நீளமாக விட்டுவிட்டுப் பேசாமல் சாப்பிட்டார்.

“ஏன் கத்தாம இரிக்கிங்க? என்னோட என்ன கோவம்?” என்று கேட்டு மேர்சி பொழுதுபடும்வரை முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

பத்து நாள் பழகிய தைரியத்தில் மூன்றாம் முறை போனார். பட்டி கையில் ஏறியதும், ‘பயப்படாத, பயப்படாத’ என்று மனதுக்குள்ளேயே தன்னை அதட்டினார். நூற்றெழுபத்தைந்து! போன தடவையைவிட ஒன்று கூட.

இர்ஷானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அதோட மல்லுக்கட்டினா எப்பிடி ஐயா இறங்கும்? விரட்ட வேணாம். பயம் வந்தா வரட்டும். உடம்பில எங்க எங்க நிக்குது எண்டு மட்டும் பாருங்க.”

அடுத்த கிழமை போனபோது அவர் எதையும் விரட்டப் போகவில்லை. கதிரையில் ஐந்து நிமிடம் இருந்தார். ‘சர்ர்’ என்ற சத்தம் வந்தது. நெஞ்சு குதித்தது. சரி, குதிக்கிறது. காது சுட்டது. சுடட்டும். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது, தாடையைத் தளர விட்டார். அதற்குப் பிறகுதான் கவனித்தார்: வலது கால் வெறும் சீமெந்துத் தரையைத் தன்பாட்டில் அழுத்திக்கொண்டிருந்தது. கிளினிக்கில் இருந்துகொண்டு பிரேக் பிடித்திருக்கிறார்! அவருக்கே சிரிப்பு வந்தது. காலைத் தளர்த்தி, மூச்சை நீட்டி விட்டார்.

நூற்று முப்பத்தெட்டு. இர்ஷானா நம்பாமல் இன்னொரு முறை அளந்தாள். நூற்று முப்பத்து நாலு. டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்து புதினத்தைச் சொன்னார். மேர்சி தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சிரித்தாள். ஆனால், “உன்ர பிரஷரையும் ஒருக்காப் பாப்பமா?” என்று அவர் கேட்டதும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

“எனக்கென்னத்துக்கு? சட்டி அடுப்பில கிடக்கு.”

“அடுப்பு அணைஞ்சிட்டுது.”

அவள் முந்தானையைத் திருகினாள். “எட்டு வருஷமா நான் பாக்கவே இல்ல. கூடவாக் காட்டினா எண்டு பயம்,” என்றாள்.

அவள் தன்னைப் பார்த்துச் சிரித்ததுபோல மத்தேயு சிரிக்கவில்லை. கதிரையை இழுத்து அவளை இருத்தி, பட்டியைச் சுற்றினார்.

“பயத்தைத் துரத்தாத. வந்தா வரட்டும். இப்ப காதில என்னென்ன சத்தம் கேக்குது எண்டு ஒவ்வொண்டாச் சொல்லு.”

“நீங்க அலட்டுற சத்தம்தான் கேக்குது. கொஞ்சம் வாயைப் பொத்துங்க.”

அவர் வாயைப் பொத்தினார். முதல் முறை நூற்று அறுபத்திரண்டு. ஐந்து நிமிடம் இருவரும் பேசாமல் இருந்தபின் நூற்று நாற்பத்தாறு. அவர் இரண்டையும் கடதாசியில் எழுதிக்கொண்டார்.

“நாளைக்குக் கிளினிக்குக்குப் போவம்.”

மேர்சி ஓம் என்று தலையாட்டினாள். “உள்ளுக்கு நீங்களும் வரவேணும்,” என்றாள். “ஆனா கதைக்கக் கூடாது.”