சனிக்கிழமைக்குக் காரணம் கேட்டால்

விடியுமுன்பே சலவைத் தொழிற்சாலையின் நீராவி எங்கள் தலைமயிரை நனைத்துவிடும். ஜெர்மனியில் கெல்சென்கிர்ச்சன் நகரைச் சுற்றியுள்ள ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகள் இங்கேதான் வருகின்றன. இரத்தக் கறையும் மருந்து மணமுமாக வருபவை, வெளுத்து மடித்துத் திரும்பிப் போக வேண்டும். துணியை உலர்த்தித் தேய்க்கும் சூட்டு உருளைக்கு முன்னால் இருவர் நிற்போம். ஈர விரிப்பின் முனைகளை ஆளுக்கொரு பக்கம் விறைப்பாக இழுத்து, ஒரே நேரத்தில் உருளைக்குள் விட வேண்டும். ஒருத்தி முந்தினால் துணி சுருளும், கை சுடும். என் மணிக்கட்டுத் தழும்புகளைப் பார்த்தாலே இந்தக் குணேஸ்வரி, அதுதான் நான், எத்தனை அவசரக்காரி என்று தெரிந்துவிடும்.

என் சோடி மார்லீஸ். இந்த ஊரிலேயே பிறந்தவள், அறுபதைத் தாண்டியவள், கலியாணம் கட்டாதவள். நாற்பது கடந்த நானும் கட்டவில்லை. யாழ்ப்பாணத்துப் பெண் இந்த வயதில் தனியே இருந்தால் சனம் சும்மா விடுமா? பக்கத்து உருளையில் நிற்கும் மன்னார்க்காரி பிளோறன்ஸ் அக்கா எனக்கு மாப்பிள்ளை தேடியே களைத்துப் போனவர். வாய் ஓயாதவர். அவருடைய மூட்டுவலி, மகளின் பரீட்சை, கணவர் றெஜினோல்ட் அண்ணையின் குறட்டை எல்லாம் தொழிற்சாலைக்கே தெரியும். மனம் மட்டும் தங்கம்.

கார்த்திகையில் முதலாளி பிறிங்க்மன் புதிய ஆஸ்பத்திரி ஒன்றைப் பிடித்தார். இனிச் சனிக்கிழமையும் உருளை ஓட வேண்டும். அதற்கு ஆள் சேர்த்தாரா என்றால் இல்லை. குடும்பம் உள்ளவர்களுக்குச் சனிக்கிழமை ஓய்வு, குடும்பம் இல்லாதவர்கள் வந்து நிற்க வேண்டும் என்று ஒரே வெட்டாக வெட்டினார். எங்கள் தமிழ்ப் பெண்களுக்குப் பெரிய நிம்மதி. சனிக்கிழமைதானே பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம். தனி ஆட்களுக்கு வீட்டில் என்ன வேலை கிடக்கிறது என்று அவர்களும் நினைத்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

மார்லீஸ் போகவில்லை. இரண்டு சனிக்கிழமை வராமல் இருந்ததற்கு இரண்டு எச்சரிக்கை வந்தது. மூன்றாவது முறை வேலையே போய்விடும். ஓய்வூதியத்துக்கு இன்னும் சில வருடம் கிடக்கிறது. இந்த வயதில் அவளுக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

பிறிங்க்மன் எங்கள் உருளைக்கே வந்து மார்லீசைக் கேட்டார். அவர்கள் பேசிய ஜெர்மனை எனக்கு வருகிற தமிழில் சொல்கிறேன்.

"சனிக்கிழமையில உங்களுக்கு என்ன வேலை? வீட்டில ஒருத்தரும் இல்லைத்தானே?"

"அதைச் சொல்ல ஏலாது."

"ஒரு காரணம் சொல்லுங்கோ, விடுறன்."

"கலியாணம் கட்டினவையளிட்டக் காரணம் கேட்டனீங்களோ?"

அவர் சிரித்துவிட்டுப் போனார்.

பிளோறன்ஸ் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. உடனே முதலாளியின் கந்தோர் அறைக்குப் போய், மார்லீஸ் தன் மகளை ஞானஸ்நானத்தில் ஏந்திய ஞானத்தாய் என்றும், சனிக்கிழமைகளில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போவது அவள்தான் என்றும் சொல்லிவிட்டு வந்தார். பச்சைப் பொய். ஆனால் எங்கள் ஆட்கள் அப்படித்தான். ஒருவரைப் பிடித்துவிட்டால் உறவாக்கிவிட வேண்டும், வேறு வழி தெரியாது. பிறிங்க்மனும் மகிழ்ந்து, மார்லீசுக்கு ஓய்வு என்று சொல்லிவிட்டாராம். உனக்கும் கலியாணப் பேச்சு நடக்கிறது என்று சொல்லிவிடட்டுமா என்று அக்கா என்னிடம் கண்ணைச் சிமிட்டினார். நான் சிரித்தேன்.

மார்லீஸ் சிரிக்கவில்லை. உருளையை நிறுத்தினாள். அதிகம் பேசாதவள் அன்று பேசினாள்.

அவளுடைய தாயும் கலியாணம் கட்டாதவள். கட்டாமல் பிள்ளை பெற்றால், அந்தப் பிள்ளைக்குச் சட்டப்படி பொறுப்பு அரசாங்கக் கந்தோர்தான். அந்தக் காலத்துச் சட்டம் அது. கந்தோர்க்காரர் வீட்டுக்கு வந்து கட்டிலைப் பார்ப்பார், அலுமாரியைத் திறப்பார். போன சனிக்கிழமை யார் வந்தது, எங்கே போனாய் என்று கேட்பார். தலை நரைக்கிற வயதிலும் தாயை 'ஃப்ரொய்லைன்' என்றுதான் கூப்பிட்டார்கள். கலியாணம் கட்டாதவளைக் கூப்பிடுகிற, சின்னப் பெண் என்ற மாதிரி ஒரு சொல். கலியாணம் கட்டியவர்களுக்கும் சுகமில்லை. வீட்டுக் கடமை கெடுகிறது என்று புருஷன் மறித்தால் வேலைக்குப் போக முடியாது. அந்தச் சட்டங்கள் தாமாக மாறவில்லை. பெண்கள் கூட்டம் கூடினார்கள், தெருவில் நின்றார்கள், ஏச்சு வாங்கினார்கள். ஒவ்வொன்றாகத்தான் மாற்றினார்கள்.

"அம்மா ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் பதில் சொன்னவ," என்றாள் மார்லீஸ். "நான் சொல்லமாட்டன். நான் ஒருத்தரின்ர ஞானத்தாயும் இல்லை."

நேரே கந்தோருக்குப் போய் அதையே சொன்னாள். அப்படியானால் நாளை மறுநாள், சனிக்கிழமை, வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் திங்கள் வர வேண்டாம் என்றார் பிறிங்க்மன்.

பிளோறன்ஸ் அக்கா அழுதார். நல்லது செய்யப் போய் இப்படியாகிவிட்டதே என்றார். எனக்குள் இத்தனை நாள் அடக்கி வைத்தது வெளியே வந்தது.

"அக்கா, பிள்ளையள் இருக்கிறபடியா உங்களுக்குச் சனிக்கிழமை கிடைச்சுது. எனக்கு நான் இருக்கிறன். அது காணாதோ?"

சாப்பாட்டு நேரத்தில் பேச்சு மறுபடி தொடங்கியது. எல்லோரும் முறைவைத்து வருவோம் என்றேன். மூன்று பிள்ளைகளின் தாயான சாரங்கா சீறினாள். தன் பிள்ளைகளின் வகுப்பு ஏன் கெட வேண்டும் என்று கேட்டாள். அவள் கேட்டதிலும் ஞாயம் இருந்தது. சண்டை முற்றியபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காதான் சொன்னார், றெஜினோல்டுக்கும் கைகால் இருக்கிறது, அந்த மனிசனும் ஒருநாள் எழும்பிப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகட்டும் என்று. சாரங்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எல்லோருக்கும் முறை, இல்லாவிட்டால் சனிக்கிழமை ஒருவரும் வருவதில்லை, யாரும் காரணம் சொல்வதும் இல்லை என்று முடிவானது.

வெள்ளி காலையில் அதைக் கேட்ட பிறிங்க்மன் கோபிக்கவில்லை. எங்களைப் பிரிக்க வழி தெரிந்தவர் அவர். பிள்ளைகள் உள்ளவர்கள் காரணத்தை ஒருதரம் சொன்னால் போதும், பழையபடி ஓய்வு, மற்றவர்களைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி ஒவ்வொரு உருளையாக வந்தார். சாரங்கா தலையை ஆட்டி மறுத்தாள். திங்கட்கிழமை எங்களில் யாருக்கு வேலை இருக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது.

கடைசியாகப் பிளோறன்ஸ் அக்காவிடம் வந்தார். முகத்தில் சிரிப்பு. அந்த வாயை அவருக்கும் தெரியும்.

"உங்கட மகளுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்குத்தானே? அதை மட்டும் சொல்லுங்கோ."

அக்கா வாயைத் திறந்தார். ஈர விரிப்பின் முனையை இறுக்கிப் பிடித்தபடி அவர் பிறிங்க்மனை நிமிர்ந்து பார்த்தார்.

"அதைச் சொல்ல ஏலாது," என்றார்.