சிவப்பில்லாத படம்

சுன்சியோன் நகரில் அந்த நவம்பரின் முதல் உறைபனி விழுந்த காலையில் கியோங்ரான் என் ஸ்கேன் அறைக்கு வந்தாள். என் மனைவிதான், அன்று என் நோயாளி. பதினோரு ஆண்டுகளாக முடக்குவாதம். கை மூட்டுகளில் அழற்சி இன்னும் இருந்தால் ஊசிக்கு மாற்றுவதாகவும், இல்லையென்றால் மாத்திரையையே குறைத்துவிடலாம் என்றும் மருத்துவர் சொல்லியிருந்தார். ஊசி என்றாலே அவளுக்குப் பயம். குறைத்துவிட வேண்டும் என்று ஒரு மாதமாக அதையே பேசிக்கொண்டிருந்தாள்.

குளிர்காலத்துக்கான கோஸ் ஊறுகாயான கிம்ச்சி போடும் வாரம் அது. அவளுடைய அக்கா வீட்டு முற்றத்தில் உப்பில் ஊறிய கோஸ்களை விடியும் முன்பிருந்தே குழாயடியில் அலசிவிட்டு நேரே வந்திருந்தாள். கை விறைத்துக் கிடந்தது. அப்படி வருகிறவர்களைக் கதகதப்பான அறையில் கால் மணி நேரமாவது உட்காரவைக்க வேண்டும். அழற்சி உள்ள இடத்தில் கூடுதலாக ஓடும் ரத்தத்தைத்தான் கருவி சிவப்பாகக் காட்டும்; குளிரில் அந்த ஓட்டம் குறைந்துவிடும். அழற்சி இருந்தாலும் திரையில் சிவப்பு தெரியாது. எல்லோரையும் உட்காரவைப்பேன். வெளியே ஒன்பது பேர் காத்திருந்தார்கள். சொந்த மனைவிக்குக் கூடுதல் நேரம் எடுத்தான் என்ற பேச்சு வரக்கூடாது என்று அவளை மட்டும் உட்காரவைக்கவில்லை.

களிம்பு தடவி மணிக்கட்டின் மேல் கருவியை ஓட்டினேன். சாம்பல் நிறம் மட்டுமே. ஒரு புள்ளி சிவப்பு இல்லை.

"ஏங்க, மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்கீங்க? பாஸா, ஃபெயிலா?"

"பாஸ்."

"அப்ப சாயங்காலம் பன்னிக்கறி வேகவைக்கிறோம். லேட்டா வந்தா எலும்புதான்."

மாத்திரை குறைந்தது. மார்ச்சில் அவளால் சாப்பிடும் குச்சிகளைப் பிடிக்க முடியவில்லை. ஊசி தொடங்குவதற்குள் நோய் நுரையீரலில் இறங்கியிருந்தது. அது எப்படியும் வந்திருக்கும் என்றார் மருத்துவர். நல்ல மனிதர், எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார்.

மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு அவள் படுத்திருந்த ஒரு பிற்பகலில், அன்று கையைச் சூடேற்றாமல் பார்த்ததைச் சொல்லிவிட்டேன். அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கை ஜில்லுன்னு இருந்தா ஒண்ணும் தெரியாதுன்னு சாப்பிட உக்காந்தாலே சொல்லுவீங்களே. அதான் பஸ்ல கையுறை போடாம வந்தேன். ஏமாத்துனது நான். போங்க, போய் ஏதாவது சாப்பிடுங்க."

உண்மையிலேயே அப்படிச் செய்தாளா, என் பாரத்தை இறக்கிவைக்கச் சொன்னாளா, தெரியவில்லை. மறுநாள் கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன். மறுநாள் மூச்சு விடுவதே அவளுக்குப் பெரிய வேலையாக இருந்தது.