துரை காத்திருந்த இடங்கள்

வெள்ளைக்காரன் காலத்து இந்தியாவில் நடக்கும் காதல் நாவல் அது. நிலம் அளக்க வந்த துரைக்கும் அவனுக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷியின் மகளுக்கும் காதல். கடைசியில் துரை கப்பலேறிவிடுவான். அவள் கரையிலேயே நின்றுவிடுவாள். வானொலி நாடகமாக வந்தது, சினிமாவாக வந்தது, இப்போது வேற்று மொழியில் தொடராக வந்திருக்கிறது. தொடர்காரர்களுக்குச் சோகம் ஆகாதாம். கிழவனும் கிழவியுமாகக் கொண்டுவந்து இருவரையும் சேர்த்துவைத்துவிட்டார்கள். எழுதியவர் உயிரோடு இல்லாதது அவர்களுக்கு நல்ல வசதி.

முப்பது வருஷத்துக்கு முன் வானொலியில் துபாஷி மகளாகப் பேசியவளையே இப்போது தொடரின் கிழவிக்கும் தமிழில் குரல் கொடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். எதையும் முதல் தடவையே பிசகாமல் பேசிவிடுவதால் அவளுக்கு 'ஒரே டேக்' என்று பெயர். அன்று துரையாகப் பேசியவருக்குத் துரை என்றே பெயர் நிலைத்துவிட்டது. கிழவனுக்கும் அவர்தான் பேசுகிறார் என்று கேட்டதிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தனிக்கட்டை, பேச ஆளில்லாமல் சில நாள் சாயங்காலம் வரை வாயே திறக்கமாட்டாள். ஒலிப்பதிவு நாள் காலையில் மட்டும் மூன்று புடவை மாற்றினாள். அவர்மேல் தனக்கிருந்த ஆசையை அவள் மைக் முன்னால் எழுதிக்கொடுத்தபடி சொன்னதோடு சரி. சொந்த வாயால் இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தாள்.

ஒலிப்பதிவு அறையில் ஒரு மைக், ஒரு திரை, ஒரே ஒரு நாற்காலி.

"துரை சார் இன்னும் வரலையா தம்பி?" என்று ஒலிப்பதிவாளரைக் கேட்டாள்.

"அவரு நேத்தே பேசி முடிச்சிட்டாரும்மா. இப்பல்லாம் தனித்தனியாத்தான் எடுக்கறோம். இன்னைக்குக் காலையில வெளிநாட்டுக்குக் கிளம்பிட்டாரு. இனிமே பையன்கூட அங்கயே இருக்கப்போறாராம்."

அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"பெரியவர் என்னை ஒரு வழி பண்ணிட்டாரும்மா. திரையில உதடு அசையுது, இவரு நடுநடுவுல பேசாம நின்னுடறாரு. அதையெல்லாம் வெட்டித் தனியா ஒதுக்கி வச்சிருக்கேன்."

"அதைப் போடுங்க. கேக்கணும்."

ஹெட்போனில் முதலில் எதுவும் கேட்கவில்லை. பிறகு அடக்கிவைத்த மூச்சு. அடுத்த துண்டிலும் அதுவே. அவளுக்கு விளங்கிவிட்டது. வானொலியில் இருவருக்கும் ஒரே மைக், ஒரே வசனக்கட்டு. தாள் சரசரப்பது பதிவாகாமல் அவள்தான் மெல்லத் தூக்கிப் பக்கம் புரட்டுவாள். அதுவரை அவர் மூச்சை அடக்கிக் காத்திருப்பார். நேற்றும் பழக்க தோஷத்தில் காத்திருந்திருக்கிறார்.

கடைசித் துண்டில் அவருடைய சொந்தக் குரல், தயங்கித் தயங்கிக் கேட்டது:

"அவங்க இன்னைக்கு வரலையா?"

அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஒலிப்பதிவாளர் எழுந்துபோய் இல்லாத பழுதைத் தேடி ஏதோ ஒயரை நோண்டிக்கொண்டிருந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எடுக்கலாம் தம்பி" என்றாள்.

திரையில் கிழவி துரையின் கையைப் பிடித்தாள்.

"இத்தனை நாளா எங்க போயிருந்தீங்க?" என்று அவள் பேசினாள். பேசியதும் கை தானாக எழுந்து, இல்லாத தாளை ஓசைப்படாமல் புரட்டியது. திரையில் கிழவி அடுத்த வசனத்தைப் பாதி சொல்லியிருந்தாள்.

"பிரமாதம்மா. கடைசியில மட்டும் சும்மா நின்னுட்டீங்க. அதை வெட்டிடறேன்."

"வெட்டிக்கங்க தம்பி," என்றாள். "வெட்டி, அவரோடதுக்குப் பக்கத்துல வைங்க."