இருபத்தெட்டு ஆம்பியர்

பட்டறையில் அவளுக்கு அட்டவணை அக்கா என்று பெயர். கன்ட்ரோல் பேனல்களுக்குள் எந்த வயர் எத்தனை தடிமன், எதற்கு எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் என்று முடிவு செய்வது அவள் வேலை. அட்டவணையைப் பார்க்காமல் ஒரு முழ வயரைக்கூட வெட்டவிட மாட்டாள்.

அன்று காலை பதினோரு மணிக்கு வேறொரு பேனலுக்காக அதே அட்டவணையைத் திறந்தாள். விரல் நின்றிருந்த பத்தி, காற்றோட்டமாகத் தனியே போகும் வயருக்கானது. போன மாதம் அட்டைப்பெட்டி ஆலைக்கு அனுப்பிய பேனலுக்கும் இதே பத்தியைத்தான் பார்த்தோமோ? பழைய வரைபடத்தை எடுத்துப் பார்த்தாள். அதையேதான் பார்த்திருந்தாள்.

அந்தப் பேனலில் ஆறு ஹீட்டர்களுக்குப் போகும் பதினெட்டு வயர்களும் மூடி போட்ட ஒரே பிளாஸ்டிக் டக்டுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. அந்த நெருக்கத்தில், பெட்டிக்குள் இருக்கும் வெக்கையில், அந்த வயரின் தாங்குசக்தி பாதிகூடத் தேறாது.

முதலாளியிடம் ஓடினாள். எட்டு நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது, ஒரு ஃபியூஸ்கூடப் போகவில்லையே, ஞாயிற்றுக்கிழமை ஆலை நிற்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார் அவர்.

"போகாது சார், அதான் பயமா இருக்கு. வயர் தாங்கறது பதினேழு ஆம்பியர். ஃபியூஸ் போகணும்னா முப்பத்திரண்டைத் தாண்டணும். நடுவுல இருபத்தெட்டு ஓடிட்டே இருக்கு. வயர் வெந்தாலும் ஃபியூஸுக்குத் தெரியாது."

அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

அந்த ஆலையில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருப்பவள் அவளுடைய நாத்தனார். வீட்டில் தண்ணீர் மோட்டாரை அணைக்காமல் விட்டது யார் என்று தொடங்கிய சண்டையில் நான்கு மாதமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அதையெல்லாம் மறந்து பேருந்திலிருந்து போன் செய்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ஆலைக்குள் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆட்கள் ஆற அமர ஏறினார்கள். ஆலையோ எங்கும் காகிதத் தூள் பறக்கும் இடம், உள்ளே நாற்பது பேர். டிக்கெட்டை மடித்து மடித்துக் கிழித்தே விட்டாள்.

வாசலில் காவலாளி அனுமதிச் சீட்டு கேட்டார். பேனலில் கோளாறு என்றதும் ஆலை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிட்டார். வந்தவரின் பின்னால் ஏறக்குறைய ஓடினாள்.

"மூணு நாளா ஒரு வாடை வருது மேடம்," என்றார் அவர் நடந்துகொண்டே. "பசை கருகுதுன்னு நினைச்சேன்."

பேனலை நெருங்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது பசை வாடை இல்லை. கதவில் கை வைத்தவள் சட்டென்று எடுத்துக்கொண்டாள். அட்டை உலர்த்தும் லைனை நிறுத்தச் சொன்னாள். சூப்பர்வைசர் சொல்லாமல் தன்னால் முடியாது என்றார் எலக்ட்ரீஷியன். யாரோ போய்ச் சொல்ல, நாத்தனார் வந்தாள். அண்ணியைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"நீங்க எங்க இங்க?"

பக்கத்து மிஷின்காரர்கள் ஐந்தாறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் எதிரிலேயே சொன்னாள்.

"நான் வயர் அளவைத் தப்பாப் போட்டுட்டேன். உள்ள வெந்துட்டிருக்கு. உடனே நிறுத்து."

நாத்தனார் தானே போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். உலர்த்தும் லைன் முனகிக்கொண்டே நின்றது.

மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டிவிட்டு எலக்ட்ரீஷியன் கதவைத் திறந்தார். டக்டின் மூடி வளைந்து போயிருந்தது. நெம்பித்தான் எடுக்க முடிந்தது. நடுவிலிருந்த வயர்கள் வெல்லப் பாகில் முக்கியதுபோல் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஒரு திருப்பத்தில் இரண்டு வயர்களின் தோல் உருகி விலகி, செம்பு தெரிந்தது. இரண்டு செம்புக்கும் நடுவே ஒரு நகக்கண் இடைவெளி. மேலே பஞ்சுபோல் காகிதத் தூள்.

"இன்னைக்குத் தாங்கியிருக்குமா, அண்ணி?" என்று கேட்டாள் நாத்தனார், மெல்லிய குரலில்.

அவள் அந்த இடைவெளிக்கு நேரே தன் விரல் நகத்தைப் பிடித்துக் காட்டினாள்.

ஆலை இரண்டு நாள் நின்றது. முன்பைவிடத் தடித்த, பதினாறு சதுர மில்லிமீட்டர் வயர்களை மூன்று டக்டுகளில் பிரித்துப் போட்டார்கள். முதலாளி அவளை வேலையை விட்டு எடுக்கவில்லை; ஆனால் இனி அவள் போடும் ஒவ்வொரு கணக்கையும் இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்றார். அதை அவளே கேட்க நினைத்திருந்தாள்.

அந்த வாரம் முழுக்க, தான் இதுவரை அளவு போட்ட பேனல்களின் வரைபடங்களைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எழுபத்து மூன்று இருந்தன. எழுபத்திரண்டு சரியாக இருந்தன என்று தெரிந்த பிறகும், அவற்றை மறுபடி முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினாள்.