தாரை வார்க்க முடியாத கை

"கலாவுக்கு ரத்தம் கழுவுறாங்கன்னா கிட்னிதானே தம்பி? எனக்குத் தெரியாத கதையா?"

"கிட்னி இல்லக்கா. மூட்டுவாதம்."

"வாதத்துக்கு எண்ணெய் போடுவாங்க. கழட்டிக் கழுவி மாட்ட, ரத்தம் என்ன பைக் செயினா?"

அக்கா அழகம்மா சிரித்தாள். மோகனராஜால் சிரிக்க முடியவில்லை. அக்காவின் மகன் ரமணனுக்குத்தான் அவர் மகள் சுரேகாவைப் பேசியிருந்தார்கள். தம்புள்ளைப் பக்கம் அக்கா வாழ்க்கைப்பட்ட ஊரில், சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரிக்கு அலைகிறவர்கள் வீதிக்கு ஒருவர். ரத்தம் கழுவுவதற்கு அங்கே வேறு அர்த்தமே கிடையாது.

"தாய்க்கு இருந்தா மகளுக்கும் வரும்னு எங்க வீட்டுல பேசிக்கிறாங்க" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனாள்.

கண்டி டாக்டர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். உடம்பைக் காக்க வேண்டிய வெள்ளை அணுக்கள் புத்தி மாறி, மோகனராஜின் மனைவி கலாராணியின் மூட்டுகளையே கடிக்கின்றன. ரத்தத்தை வடிகட்டி வழியாக ஓடவிட்டால் வெறிகொண்ட அணுக்களில் ஒரு பகுதி அதில் சிக்கும். மிச்சம் கொஞ்சம் அடங்கும். மாத்திரைக்கு மசியாத வீக்கமும் சிலருக்குக் குறையும். இடையில் மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றார். சில தடவை போய்வந்ததிலேயே வீக்கம் வற்றி, கலாராணி தன் கையாலேயே மிளகுக் கதிர் பறிக்கத் தொடங்கியிருந்தாள்.

"கல்யாணம் முடியட்டும் கலா. அதுவரைக்கும் கண்டிப் பக்கம் போக வேணாம்."

"சரிங்க" என்றாள் அவள். மகளுக்காக என்றால் அவள் எதற்கும் சரி சொல்வாள்.

கல்யாணம் மாதக்கணக்கில் தள்ளிப்போனது. விரல்கள் மறுபடி வீங்கின. பிறகு ஒரு பக்கமாய்ச் சாய்ந்து அப்படியே நின்றுவிட்டன.

மாத்தளைக் கோயில் மண்டபத்தில், தாரை வார்க்கச் செம்பைத் தாயின் கையில் கொடுத்தார் ஐயர். விரல்கள் மடங்கவில்லை. செம்பு மணவறையில் உருண்டது. சுரேகா எட்டி அதை எடுக்க, ஐயர் மறுபடி நீர் நிரப்பினார். அவள் தாயின் கையைத் தன் கையால் பொத்திப் பிடித்துத் தனக்கான தாரை நீரைத் தானும் சேர்ந்தே வார்த்தாள்.

"கலா, இது என்ன கை?" அழகம்மா திகைத்துப்போனாள். "ஏன் வைத்தியம் பாக்கல?"

"நிப்பாட்டினது நான்தான்க்கா." என்றார் மோகனராஜ். "காக்க வேண்டிய அணுவே அவளக் கடிச்சிச்சு. காக்க வேண்டிய நானும் அதத்தான் செஞ்சேன். ஊர் வாய்க்குப் பயந்து நோய மறைச்சா, நாம நோயோட கூட்டாளியாயிடுறோம்."

அவர் மனைவியின் பக்கத்தில் குந்தினார்.

"கலா, நாளைக்கே கண்டிக்குப் போவோம். என்கூட வர்றியா?"

கலாராணி நனைந்த விரல்களைச் சேலைத் தலைப்பால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.