தெரிந்தால் மட்டும் அமுக்குங்க

இருட்டறைக் கதவு திறந்து மூடும்போதெல்லாம் பெஞ்சில் இருந்தவர்கள் ஒரு இடம் நகர்ந்து உட்கார்ந்தார்கள். முருகலட்சுமி பெஞ்சின் நுனிக்கு வந்துவிட்டாள். அடுத்தது அவள்தான்.

அருப்புக்கோட்டையின் அந்தச் சின்னக் கண் ஆஸ்பத்திரியில் சனிக்கிழமைதான் மதுரை டாக்டர் வருவார். கூட்டம் வாசல்வரை நின்றது. துணைக்கு வந்திருந்த கருத்தம்மாள் சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டாள். இருவருக்கும் எம்.ரெட்டியபட்டிதான் ஊர். பாளையம்பட்டிப் பக்கத்து நூல் மில்லில் ஒரே ஷிப்ட்.

“பயமா இருக்காடி?”

“கண்ண நெனச்சுப் பயமில்லக்கா. பேப்பர நெனச்சாத்தான்.”

கொஞ்ச நாளாகவே மெஷினில் அவளுக்கு இடப்பக்கம் அறுகிற இழைகள் கண்ணில் படுவதில்லை. பஞ்சு ரோலரில் சுற்றிக்கொண்டு, மெஷின் நின்ற பிறகுதான் தெரிகிறது. சூப்பர்வைசர் மாதவன் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டான்: “கண்ணு கெட்டுருச்சுன்னு மெஷின்ல எடுத்த பேப்பர் கொண்டா, உக்காந்து நூல் கோன் அடுக்குற வேலைக்கு மாத்தி விடுறேன். அதே சம்பளம். கண்ணு நல்லாருக்குன்னு வந்துச்சு, நீ வேணும்னே செய்யிறேன்னு அர்த்தம். வீட்டுக்குப் போயிரு.”

கதவு திறந்தது.

உள்ளே டெக்னீசியன் சத்யபிரியா அவளுடைய வலது கண்ணை மூடிக் கட்டினாள். வெள்ளைக் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பிடித்தது போல ஒரு மெஷின். முகவாயை வைக்க ஒரு மேடை. கையில் ஒரு பொத்தான்.

“அக்கா, நடுவுல மஞ்சப் புள்ளி தெரியுதா? அத விட்டுக் கண்ண எடுக்கக் கூடாது. சுத்தி எங்கயாச்சும் வெளிச்சம் மின்னும். தெரிஞ்சா மட்டும் அமுக்குங்க. தெரியலையா, விட்ருங்க.”

“சரிம்மா.”

வெளியே யாரோ சத்தம் போட்டார்கள். சத்யபிரியா மெஷினை ஓடவிட்டு எட்டிப் பார்க்கப் போனாள்.

மேலே ஒரு வெளிச்சம். அமுக்கினாள். வலப்பக்கம் ஒன்று. அமுக்கினாள். அப்புறம் எதுவும் வரவில்லை. முருகலட்சுமிக்குச் சந்தேகம் தட்டியது. எதையோ விட்டுவிட்டோம். மில்லில் இப்படித்தான்: எல்லா இழையும் ஓடுவது போல இருக்கும், அந்நேரம் எங்கோ ஒன்று அறுந்திருக்கும். கண்ணை ஓரிடத்தில் நிறுத்துகிறவள் அங்கே ஒரு ஷிப்ட் தாங்க மாட்டாள். சந்தேகம் வந்தால் கை உடனே அங்கே போய்விட வேண்டும்.

அவள் கண் கிண்ணத்துக்குள் ஓடியது. மெஷினுக்குள் ‘டிக்’ என்றது. அமுக்கினாள். வெளிச்சம் தெரியவில்லைதான், ஆனால் வந்திருக்கும். டிக். அமுக்கினாள். சீக்கிரமே கைக்குத் தாளம் பிடிபட்டது. சத்யபிரியா வந்து கட்டை மாற்றிவிட்டுப் போனாள். அடுத்த கண்ணுக்கு இன்னும் வேகம்.

வெளியே வந்தபோது அவள் முகத்தில் சிரிப்பு.

“ஒண்ணக்கூட விடலக்கா.”

கருத்தம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். “அடிப்பாவி! ஒன்ன யாருடி பாஸாகச் சொன்னா?”

சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

டாக்டர் சொட்டு மருந்து விட்டு, லென்ஸை வைத்து இரண்டு கண்களையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு மெஷின் தந்த தாளைப் பார்த்தார். மறுபடியும் கண்ணை.

“கண்ணு பிரஷர் சரியாத்தான் இருக்கு. ஆனா செல பேருக்குப் பிரஷர் ஏறாமலே நரம்பு கெடும். ஒங்க நரம்பு குழி விழுந்து கெடக்கு. இடது கண்ணுல ரொம்ப. க்ளாக்கோமான்னு சொல்லுவோம். இந்தப் பேப்பர் என்னடான்னா பார்வை முழுசா இருக்குங்குது. தெரியாமலே அமுக்குனீங்களாம்மா?”

அவள் தலை குனிந்தாள். “வந்திருக்கும்னு தோணுறப்பல்லாம் அமுக்குனேன் சார். விட்டா தப்பாயிருமேன்னு...”

“தெரியாதத விடுறதுதாம்மா இந்த டெஸ்ட்டே.”

“இப்ப இன்னொரு வாட்டி எடுத்துருங்க சார். விட்டுர்றேன்.”

“மருந்து ஊத்திக் கண்ணு விரிஞ்சு கெடக்கு. இப்ப எடுத்தா அதுவும் தப்பாத்தான் வரும். அடுத்த சனிக்கிழமை எடுப்போம். அதுவரைக்கும் ராத்திரி ராத்திரி இந்தச் சொட்டு. போன பார்வை வராது, இருக்கிறதக் காப்பாத்தணும்.” தாளின் அடியில் எழுதினார்: இந்த முடிவை நம்ப இயலாது, மறுபடி எடுக்க வேண்டும், நோய் இருப்பதாகவே தெரிகிறது. எழுத்து ஆங்கிலத்தில், கோழி கிளறியது போல இருந்தது.

திங்கட்கிழமை மாதவன் கண்ணாடி அறையில் அந்தத் தாளை விரித்துப் பிடித்தான். பக்கத்து மேஜையில் கிளார்க் ராஜகுரு.

“எங்கப்பாவுக்கும் இதே டெஸ்ட்டு எடுத்தோம்மா. படத்துல பாதி கறுப்பு, பார்வை போன எடமெல்லாம். ஒனக்கு ஒரு பொட்டுக் கறுப்பக் காணோம்.”

“அடியில டாக்டர் எழுதியிருக்காக சார். மெஷினு தப்பாக் காட்டிருச்சாம். வர்ற சனிக்கிழமை மறுபடி...”

“மெஷினு பொய் சொல்லுது, நீ உண்மை சொல்ற. அப்படித்தான?” மூன்று விரல்களை அவள் முகத்துக்கு நேராகக் காட்டினான். “இது எத்தன?”

“மூணு சார்.”

“இது?”

“ஒண்ணு.”

“அந்தக் காலண்டர்ல என்ன கிழமை?”

“திங்கள் சார்.”

ராஜகுரு சிரித்துவிட்டான். “எனக்கே கண்ணாடி போட்டாத்தான் சார் தெரியுது.”

மாதவன் சிரிக்கவில்லை. ஏற்கெனவே அடித்து வைத்திருந்த வேலைநீக்க மெமோவில் கையெழுத்துப் போட்டான். ராஜகுருவிடம் ஏதோ ஃபைலைக் கேட்டுக்கொண்டே, மேஜைக்கு மேல் எட்டி, அவளுடைய இடப்பக்கமாக இடுப்பு உயரத்தில் தாளை நீட்டினான்.

முருகலட்சுமி அவன் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

“வாங்கும்மா.”

“குடுங்க சார்.” இரண்டு கைகளையும் முன்னால் ஏந்தினாள்.

“பாத்தீரா ராஜகுரு, திமிர?”

“குடுங்க சார்,” என்றாள் மறுபடியும். ஃபேன் காற்றில் தாள் அவள் இடது முழங்கைக்குப் பக்கத்தில் படபடத்துக்கொண்டிருந்தது.