சகலைக்குக் கொடுத்த ஈஸ்ட்

சகலையின் கட்டுரை வெளிவந்த அன்று எனக்கு நெஞ்செரிச்சல் மாத்திரை இரண்டு தேவைப்பட்டன. டாக்டரிடம் போயிருந்தால் காரணம் கேட்டிருப்பார். காரணம் எனக்கே தெரியும். பொறாமை. அதற்கு வேறு நல்ல பெயர் வைத்துச் சொல்லிக்கொள்ள இந்த வயதில் எனக்கு விருப்பமில்லை.

சகலை என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். என்னைவிட ஒன்பது வயது இளையவன். நான் வேலை பார்க்கும் ஆராய்ச்சி நிலையத்திலேயே, எனக்கு இரண்டு மாடி மேலே அவனுக்கும் ஒரு லேப். இருவருக்கும் ஒரே தொழில்தான். ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்கு முன் தன் டி.என்.ஏ.வை எப்படி நகலெடுக்கிறது என்று பார்ப்பது. அதையும் ஈஸ்ட்டில் பார்ப்பது. ரொட்டி உப்புவதற்குப் போடுகிற அதே ஈஸ்ட். "உலகத்துல எத்தனையோ வேலை இருக்கு. என் மாப்பிள்ளைங்க ரெண்டு பேரும் மாவு புளிக்கிறதப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க" என்று மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். முன்பு அதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார். இப்போதெல்லாம் அவனைப் பார்த்துச் சிரிக்கிறார்.

எனக்கும் ஒரு காலம் இருந்தது. டி.என்.ஏ. நகலெடுப்பு ஒரே இடத்தில் தொடங்குவதில்லை. ஈஸ்ட்டிலேயே நூற்றுக்கணக்கான இடங்களில் தொடங்குகிறது. அந்த இடங்களில் நின்று கதவைத் திறந்துவிடுவது ஒரு புரதம் என்று பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நான் காட்டினேன். லேபில் அதற்குச் செல்லப்பெயர் வாட்ச்மேன். வாட்ச்மேனை நீக்கிவிட்டால் ஈஸ்ட் சோம்பேறியாகிவிடும். நகலெடுக்க இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். ஈஸ்ட் வளர்க்கிற பிளேட்டில் தளதளவென்று வளர வேண்டியது ஊசிமுனைப் புள்ளியாக நின்றுவிடும். அந்தப் படம் இரண்டு பாடப்புத்தகங்களில் இருக்கிறது. படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் என் பெயர். அந்தப் பொடி எழுத்தில்தான் நான் இத்தனை வருடமாகக் குடியிருக்கிறேன்.

சகலையின் கட்டுரை என்னை வீட்டைக் காலி செய்யச் சொன்னது. வாட்ச்மேன் தொடக்கத்தில் நிற்பதே இல்லையாம். எதிரெதிரே வரும் இரண்டு நகல் இயந்திரங்கள் கடைசியில் சந்திக்கும் இடத்தில்தான் அதற்கு வேலையாம். அது இல்லாவிட்டால் தொடக்கம் சரியாக நடக்கும், முடிக்கிற இடத்தில்தான் சிக்கல் விழும் என்று எழுதியிருந்தான். இரண்டும் உண்மையாக இருக்க வழியில்லை. தப்பு அவனுடையது, இல்லையென்றால் என்னுடையது.

"படிச்சீங்களா?" என்று மனைவி கேட்டாள். தங்கையோடு ஒரு மணி நேரம் போனில் பேசிவிட்டு வந்த முகம்.

"பாத்தேன்."

"கடைசியில உங்களுக்கு நன்றி போட்டிருக்காராமே."

"போடாம? ஈஸ்ட் யாரோடது?"

சொன்ன பிறகுதான் எனக்குப் பொறி தட்டியது. எட்டு வருடங்களுக்கு முன் அவன் லேப் தொடங்கியபோது, வாட்ச்மேன் நீக்கிய ஈஸ்ட்டை ஒரு சின்ன டியூபில் போட்டு நான்தான் கொடுத்தேன். திரும்பத் திரும்ப வளர்த்தால் ஈஸ்ட்டில் புதுப் பழுதுகள் சேர்ந்துகொள்ளும்; வெளியே தெரியாது. அவன் கைக்குப் போன பிறகு அந்த ரகம் கெட்டிருக்க வேண்டும். கெட்ட ஈஸ்ட்டை வைத்துக்கொண்டு ஊரையே கூட்டியிருக்கிறான். அன்றைக்கு நான் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

முதலில் என் ஃப்ரீசரில் இருக்கும் மூல டியூப் சுத்தமானது என்று நிரூபிக்க வேண்டும். பிறகு அவனுடையதைக் கேட்டு வாங்கி, பக்கத்தில் வைத்து மானத்தை வாங்கலாம். அதற்கான சோதனை பழையது, எளிது. நம் ரகத்தை இயல்பான ஈஸ்ட்டோடு இணைய விட்டு, பட்டினி போட வேண்டும். பட்டினியில் அது ஒரு பைக்குள் நான்கு வித்துகளாகச் சுருங்கிக்கொள்ளும். மைக்ரோஸ்கோப்பின் கீழ் மெல்லிய கண்ணாடி ஊசியால் அந்த நான்கையும் பிரித்து வரிசையாக நட்டு வளர்க்க வேண்டும். நான்கில் இரண்டுக்கு வாட்ச்மேன் இருக்காது; எந்த இரண்டு என்று மருந்து கலந்த பிளேட்டில் தெரிந்துவிடும். அந்த இரண்டு மட்டும், நான்கு நான்காக நட்ட ஒவ்வொரு தொகுதியிலும், புள்ளியாக வளர்ந்தால் டியூப் சுத்தம்.

நானே ஊசிமுன் உட்கார்ந்ததைப் பார்த்து, இருபது வருடமாக என்னோடு இருக்கும் டெக்னீஷியன் அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"இதுக்கெல்லாம் ஆள் இருக்கே சார். நீங்க எதுக்குக் கண்ணக் கெடுத்துக்கறீங்க?"

"சும்மாதான். பழைய ரகத்த ஒரு தடவ சரிபாக்கறேன்."

"அப்பவே பாத்திருப்பீங்களே. பழைய நோட்டுல இருக்குமே, எடுத்துத் தரவா?"

"வேண்டாம்" என்றேன், கொஞ்சம் வேகமாகவே. அப்போது பார்க்கவில்லை. வேறொரு நாட்டுக் குழு இதே புரதத்தைத் துரத்திக்கொண்டிருந்தது. இந்தச் சோதனைக்குப் பத்து நாள் பிடிக்கும். பத்து நாளில் அவர்கள் முந்திக்கொண்டால் என்ன செய்வது? கட்டுரையை அனுப்பிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அனுப்பிய பிறகு புகழ் வந்தது. பார்த்துக்கொள்ள நேரமில்லை.

சகலையின் ஈஸ்ட் கெட்டிருந்தால் அது என் டியூபிலிருந்தே கெட்டதாக வந்திருக்கலாம் என்பது ஒரு சின்னக் குழந்தைக்கும் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை. வயிறு எரிகிறபோது மூளைக்கு ரத்தம் போவதில்லை போலிருக்கிறது.

பதினோராம் நாள் காலை பிளேட்டுகளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். இருபது தொகுதி. புள்ளிகள் இருந்தன, ஆனால் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. வாட்ச்மேன் இல்லாத வித்துகளில் பாதி கொழுகொழுவென்று வளர்ந்திருந்தன. வாட்ச்மேன் உள்ளவற்றில் பாதி புள்ளியாகக் கிடந்தன. பிளேட்டைத் தலைகீழாகப் பிடித்துவிட்டேனோ என்று திருப்பிப் பார்த்தேன். டெக்னீஷியன் அம்மாவைக் கூப்பிட்டு, எதற்கென்று சொல்லாமல், எண்ணச் சொன்னேன். எண்ணிவிட்டு அவர் என் முகத்தைப் பார்க்காமல் கைகழுவப் போய்விட்டார்.

சோம்பேறித்தனத்துக்கும் வாட்ச்மேனுக்கும் சம்பந்தமே இல்லை. என் டியூபில் முதல் நாளிலிருந்தே வேறு ஏதோ ஒரு மரபணுவிலும் பழுது இருந்திருக்கிறது. அதைத்தான் நான் அளந்தேன், படம் போட்டேன், ஊர் ஊராகப் போய்ப் பேசினேன்.

அப்புறம்தான் சகலையின் கட்டுரையை ஒழுங்காகப் படித்தேன். அதுவரை அவன் பெயருக்குக் கீழே இருந்ததை என்னால் பொறுமையாகப் படிக்க முடியவில்லை. பின்னிணைப்பில், நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு வரி: மூல ரகம் இயல்பான ஈஸ்ட்டுடன் ஆறு முறை கலந்து சுத்தப்படுத்தப்பட்டது. மூல ரகத்தில் பழுதைக் காணாமல் யாரும் ஆறு முறை கலக்கமாட்டார்கள். என் முடிவும் அவன் முடிவும் ஏன் வேறுபடுகின்றன என்பதற்கு, ஈஸ்ட்டை வளர்த்த சூழல் காரணமாக இருக்கலாம் என்று மட்டும் எழுதியிருந்தான்.

இரண்டு மாடி ஏறினேன். அவன் அறையில் தனியாக இருந்தான். கதவைச் சாத்தினேன்.

"எப்ப தெரியும் உனக்கு?"

எதைப் பற்றி என்று அவன் கேட்கவில்லை. பேனாவை மூடி வைத்தான். "அஞ்சு வருஷம் இருக்கும் அண்ணா."

"அஞ்சு வருஷமா வாயில என்ன வச்சிருந்த?"

"சொல்லணும்னு கீழ வந்தேன். அன்னைக்கு உங்களப் பாக்க யாரோ வந்திருந்தாங்க. நீங்க அந்தப் படத்த வச்சு அவங்களுக்கு விளக்கிட்டு இருந்தீங்க. ரொம்ப சந்தோஷமா இருந்தீங்க. திரும்பி வந்துட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் சொல்றதுக்கு வெக்கமாயிடுச்சு. நாளாக நாளாக, ஏன் இத்தன நாள் சொல்லலன்னு கேப்பீங்களேன்னு பயம்." தலையைக் குனிந்துகொண்டான். "கட்டுரையிலயும் மழுப்பிட்டேன். சூழல்னு எழுதினது பொய்."

அடிக்கலாம் போலிருந்தது. புரதம் அவனுக்கு, பெயர் அவனுக்கு, மாமியார் சிரிப்பு அவனுக்கு. போதாதென்று பெருந்தன்மையும் அவனுக்கேவா? ஐந்து வருடம் ஒவ்வொரு குடும்பச் சாப்பாட்டிலும் என் எதிரே உட்கார்ந்து என்னைப் பார்த்துப் பாவப்பட்டிருக்கிறான். அதை நினைத்தபோதுதான் உண்மையிலேயே எரிந்தது.

"என் கட்டுரைய வாபஸ் வாங்கப்போறேன்" என்றேன்.

அவன் முகம் வெளுத்தது. "யோசிச்சுப் பண்ணுங்கண்ணா. நம்ம ரெண்டு பேரத் தவிர யாருக்கும் தெரியாது."

அவன் என் பேருக்காக மட்டும் பயப்படவில்லை என்று படியிறங்கும்போது புரிந்தது. வாபஸ் கடிதத்தில் பத்திரிகை மூன்று கேள்வி கேட்கும். பிழை என்ன, எப்போது தெரிந்தது, யார் கண்டுபிடித்தது. மூன்றாவதற்கு நான் உண்மையை எழுதினால் அவன் கதை கந்தல். தெரிந்தே மறைத்தவன் என்று ஒரு முறை பேர் வந்துவிட்டால் எங்கள் தொழிலில் அவன் ஈஸ்ட்டை அல்ல, அவன் சொல்கிற மணியைக்கூட யாரும் நம்பமாட்டார்கள்.

மறுநாள் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். முதல் இரண்டு கேள்விகளுக்கும் பதில் எழுதக் கஷ்டமாக இருந்தது. பன்னிரண்டு வருடத்தை நாலு வரியில் காலி செய்ய வேண்டியிருந்தது. மூன்றாவது தடையில்லாமல் வந்தது. 'இந்தப் பிழை வேறொரு ஆய்வகத்துக்கு ஐந்து ஆண்டுகளாகத் தெரியும்.' எழுதிவிட்டுப் படித்தேன். ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இத்தனை நாள் நான் தேடியது கையில் கிடைத்துவிட்டது. அனுப்புவதுதான் பாக்கி.

மனைவி பின்னால் வந்து நின்று படித்தாள். அவளுக்கு முதல் நாளே எல்லாம் சொல்லியிருந்தேன். "இந்த வரி வேணுமா?" என்றாள்.

"உண்மைதானே?"

"உண்மைதான். ஆனா படிக்கிறவங்க உங்கள என்னன்னு நினைப்பாங்க? இவருக்குத் தன் தப்பே இன்னொருத்தர் சொல்லித்தான் தெரிஞ்சுதுன்னு நினைக்கமாட்டாங்களா?"

தங்கை வீட்டுக்காரரைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாளா, தெரியாது. ஆனால் அம்பு சரியான இடத்தில் தைத்தது. என் தப்பை அவன் ஐந்து வருடம் முன்னாலேயே கண்டுபிடித்தான் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதா? அதிலும் அவன்தான் முதலா?

அந்த வரியை அழித்தேன். 'இந்தப் பிழையைக் கண்டுபிடித்தது நானே' என்று எழுதி அனுப்பினேன்.

கடிதம் வெளிவந்ததும் தெரியாதவர்களிடமிருந்தெல்லாம் பாராட்டு வந்தது. நேர்மை, துணிச்சல் என்று ஏதேதோ எழுதியிருந்தார்கள். சகலை இரண்டு மாடி இறங்கி என் லேபுக்கு வந்தான். கண் கலங்கியிருந்தது. டெக்னீஷியன் அம்மா இருந்ததால் அதிகம் பேசவில்லை.

"ரொம்ப நன்றி அண்ணா. எனக்கு இந்த மனசு வந்திருக்காது" என்றான்.

நான் பெரிய மனிதன்போல் தலையாட்டினேன்.